பழைய தட்டும் புதிய ஊசியும்

வினைல் இசைத்தட்டுகள் மீண்டும் வெளிவரும் இந்நாளில் புதிய தட்டுச்சுழலி வாங்கும் அன்பர்கள், ஊரிலிருந்து பெட்டியடியில் கொண்டுவந்த பாட்டனார் காலத்துத் தட்டுகளையும் அதிலேயே வைத்துக் கேட்க விழைவது இயல்பே. சற்றுப் பொறுக்க வேண்டும்.

1948-இல் தோன்றிய நெடுந்தட்டு நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழல்வது. பழைய அரக்குத் தட்டோ 78 முறை. வேகத்தை மாற்றினால் மட்டும் போதாது. அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. நெடுந்தட்டு ஊசியின் முனை, அதற்குரிய ஊசியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆதலால் பள்ளத்தின் அடியைச் சுரண்டி இரைச்சலையே எழுப்பும். தட்டு முதுமையால் கெட்டதென்றெண்ணி நாமும் ஒன்றை எறியவிருந்தோம். தக்க ஊசியிட்டதும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தெளிவாக எழுந்தது!

78 வேகம் எல்லாச் சுழலிகளிலும் இராது, வாங்குமுன் கேட்டறிக. கிராமபோனின் எஃகு ஊசியை மட்டும் நெடுந்தட்டில் வைத்துவிடலாகாது, பள்ளத்தை உழுதுவிடும்.