மண்ணில்லாச் செடிக்கு எந்த ஓடு?

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொம்மை, கோப்பை, ஃபியூஸ் கட்டை என்று பலவும் அங்கே உருவாகின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் களிமண் அருகிலேயே கிடைப்பது இத்தொழிலுக்குப் பெரிய வசதி. சூளை உள்ள ஊரில் உடைந்த ஓட்டுக்குப் பஞ்சம் ஏது? அந்த ஓட்டில் செடி வளர்க்க முடியுமா?

மண் இல்லாமல் உரக்கரைசலில் பயிர் வளர்க்கும் முறைக்கு 1937-ல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்று பெயர் சூட்டியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கெரிக்கே. நம் நாட்டில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1940-களில் வங்காளத்தின் காலிம்போங்கில் ஜல்லியும் மணலும் கலந்து இம்முறையைச் செய்து காட்டினார்.

தண்ணீர்தான் இருக்கிறதே, ஜல்லி எதற்கு என்று கேட்பீர்கள். செடி சாயாமல் நிற்க ஒரு பிடிமானம் வேண்டும். அதைவிட முக்கியம், வேருக்கும் மூச்சு உண்டு! 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனே கரையும். ஒரு லிட்டர் காற்றிலோ அதைப்போல் முப்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. தேங்கிய நீரில் தக்காளிச் செடி வாடுவது தாகத்தால் அல்ல, மூச்சுத் திணறலால்.

இப்போது இரண்டு ஓடுகளை எடுங்கள். ஒன்று தேநீர்க் கோப்பையின் துண்டு. மற்றது வர்ணமோ மெருகோ பூசாத பொம்மையின் துண்டு. இரண்டின் மீதும் ஒரு சொட்டு நீர் விடுங்கள். கோப்பையில் சொட்டு முத்துப்போல் நிற்கும். பொம்மைத் துண்டு அதைக் குடித்துவிடும். காரணம் சூளையின் வெப்பம். 1,000 டிகிரி அளவில் சுடும்போது களிமண் துகள்கள் தொட்ட இடத்தில் மட்டும் ஒட்டுகின்றன. இடையில் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. 1,200 டிகிரிக்கு மேல் கலவையிலுள்ள ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி அத்துளைகளை அடைத்துவிடுகிறது.

நமக்கு வேண்டியது குடிக்கும் ஓடு. துண்டுக்குள் இருக்கும் நுண்துளை நீரைச் சேமிக்கும். துண்டுகளுக்கு இடையே உள்ள சந்து நீர் வடிந்ததும் காற்றை உள்ளே விடும். சுண்டைக்காய் அளவு துண்டு நல்லது. மாவாகப் பொடித்தால் நுண்புழை விசையால் சந்தெல்லாம் நீர் நிரம்பி வேர் திணறும். வர்ண மெருகு பூசிய ஓடு மட்டும் வேண்டவே வேண்டாம். சில மெருகுகளில் ஈயம் இருக்கும். உடைக்கும்போது ஓட்டைச் சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள்.

சூளையில் அதிகம் வெந்து உப்பிப்போன செங்கல்லைப் பயனற்றது என்றுதான் எவரும் ஒதுக்குவார்கள். அமெரிக்காவின் ஹேட் அந்தக் கோளாற்றையே முறையாக்கி 1918-ல் காப்புரிமை பெற்றார். உள்ளே வாயு நுரைக்க, களிமண் உப்பி இலேசாகிறது. இன்று மண்ணில்லா வேளாண்மையில் பயன்படும் களிமண் உருண்டைகள் அந்த வழியில் வந்தவைதாம்.

ஜல்லிதான் கிடைக்கிறதா? அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி. கல்லின் மீது வினிகர் விடுங்கள், பொங்கினால் ஒதுக்குங்கள். சுண்ணாம்பு கரைசலின் காரத்தன்மையை உயர்த்தும். இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் இளந்தளிர் மஞ்சளாகும். நீர் ஊற்ற அடிக்கடி மறப்பவரா நீங்கள்? தென்னைநார்க் கழிவை உப்புப் போகப் பலமுறை அலசி, ஓட்டுடன் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

எந்த ஓடு எவ்வளவு குடிக்கும் என்று பள்ளித் தராசிலேயே அளக்கலாம். உலர்ந்த ஓட்டை நிறுத்து, ஒரு நாள் ஊறவிட்டு மீண்டும் நிறுங்கள். 100 கிராம் 112 ஆனால் 12 சதவீதம். இரண்டாம் முறை தராசில் வைக்குமுன் மேலீரத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். உலர்ந்த துணி துளைக்குள் இருக்கும் நீரையும் உறிஞ்சிவிடும்.