சூரைச்செடியின் கீழ் ஒரு மாணவன்

நெடுந்தீவிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை நினைத்தவுடன் வீடு திரும்ப இயலாது. யாழ்நகரிலிருந்து குறிகட்டுவான் வரை பேருந்து. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே தாய் அறிவதெல்லாம் தொலைபேசியில் கேட்கும் குரலை மட்டுமே. அக்குரல் சில மாதங்களாகச் சுருங்கி வருவதைக் கவனித்தீர்களா?

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் 50 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். ஆண்டுக்கு 30 கிரெடிட் என்றால் 1500 மணி நேரம். முப்பது கல்வி வாரங்களுக்குப் பகிர்ந்தால், விரிவுரை, செய்முறை, ஒப்படை, தனிப்படிப்பு யாவும் சேர்த்து வாரத்திற்கு 50 மணி நேரம். தாளில் இது தாங்கக்கூடிய சுமையே. ஆனால் உயர்தரம் வரை தமிழில் கற்றவர் மருத்துவத்தையோ பொறியியலையோ ஆங்கிலத்தில் கற்கும்போது ஒரே பக்கத்தைப் பலமுறை வாசிக்க நேரிடுகின்றது. தவறிய பாடத்தை மீண்டும் எழுதவேண்டும். மாலையில் வகுப்பெடுத்து வீட்டுக்குப் பணம் அனுப்புவோரும் உளர். இவற்றுக்கெல்லாம் நேரம் உறக்கத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. உறக்கம் குன்ற நினைவாற்றலும் குன்றுகின்றது. படித்தது நில்லாமற்போகவே இன்னும் விழித்திருக்கின்றார்கள்.

குடும்பத்தின் முதற் பட்டதாரி என்று ஊரே எதிர்பார்த்திருக்க, “என்னால் முடியவில்லை” என்று சொல்லப் பிள்ளைக்கு நா எழாது. நாமோ அதைச் சோம்பல் என்கின்றோம். செபம் குறைந்துவிட்டது என்போரும் உண்டு. அச்சொல் நோயுற்றவரைக் குற்றவாளியாக்குகின்றது என்பதே என் எண்ணம்.

செபத்தில் குறையற்ற எலியாவும் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தாம் சாகவேண்டுமென மன்றாடினார் (1 அரசர்கள் 19). வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரையும் கூறவில்லை. அப்பமும் நீரும் கொடுத்தார். உண்டவர் மீண்டும் உறங்கினார். தூதர் அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை உண்ட பின்னரே ஓரேபு மலைக்கான நாற்பது நாள் நடை தொடங்கிற்று.

பெற்றோரே, அடுத்த அழைப்பில் பெறுபேற்றைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, எத்தனை மணிக்கு உறங்கினாய் என்று கேளுங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வில் வெறுப்பெனும் பேச்சு ஒருமுறையேனும் வந்தாலோ தாமதிக்கவேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். பரீட்சையை அடுத்த முறையும் எழுதலாம். பிள்ளை வீட்டுக்கு வர விரும்பினால், வரட்டும். படகுத்துறையில் யாரேனும் காத்திருங்கள்.