ரூத் எதிரில் ரிவேரா: 71 வருடம் தாண்டி ஒரு பேஸ்பால் தொடர்

1927-ன் நியூயார்க் யாங்கீஸும் 1998-ன் நியூயார்க் யாங்கீஸும் ஏழு ஆட்டத் தொடரில் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? நம்மூரில் பிராட்மேனா டெண்டுல்கரா என்று ஆரம்பித்தால் என்ன நடக்குமோ, அமெரிக்காவில் இதைக் கேட்டாலும் அதுதான் நடக்கும். ஒரே வித்தியாசம், பேஸ்பால் பைத்தியங்கள் வாய்ச்சண்டையோடு விடமாட்டார்கள், தொடரை நடத்தியே பார்த்துவிடுவார்கள். முன்பு பகடையில், இப்போது கணினியில்.

பகடை என்றால் நிஜமாகவே பகடைதான். ஹால் ரிச்மேன் என்பவர் 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டை, 4, 5, 6 விழுந்தால் பந்தெறியும் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று சொல்லும். பாதி பேட்டர் கையில், பாதி பிட்சர் கையில். எவ்வளவு அழகான எளிமை, பாருங்கள்!

இனி அணிகள். 1927 அணி 110 வெற்றி, 44 தோல்வி. பேப் ரூத் மட்டும் 60 ஹோம் ரன். அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் எந்த அணியும், மொத்த அணியாகச் சேர்ந்துகூட, அத்தனை அடிக்கவில்லை. 1998 அணி 114 வெற்றி, 48 தோல்வி. டெரெக் ஜீட்டர், பெர்னி வில்லியம்ஸ், கடைசி இன்னிங்ஸுக்கு மரியானோ ரிவேரா. இரண்டு அணிகளுமே உலகத் தொடரை 4-0 என்று முடித்தவை.

கணக்கை எளிதாகப் போட பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவரக்காரர் தந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் அணியின் வெற்றி விகிதத்தை மற்றதன் தோல்வி விகிதத்தால் பெருக்குங்கள். அதேபோல் மறுபக்கமும். இரண்டையும் கூட்டி, அதில் முதலாவதன் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 0.714 × 0.296, எதிரே 0.704 × 0.286. விடை 1927-க்கு 51 சதவீதம். வெற்றி எண்ணிக்கையை விட்டுவிட்டு, எடுத்த ரன் (975, 965), கொடுத்த ரன் (599, 656) என்று அதே ஜேம்ஸின் இன்னொரு சூத்திரத்தில் போட்டால் 55 சதவீதம்வரை ஏறும்.

55 என்றால் ஏழு ஆட்டத் தொடரை ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 61. அதாவது நூறு தொடரில் முப்பத்தொன்பதை வலுவான அணியே தோற்கும். அதனால் "கணினியில் ஓட்டினேன், 1998 ஆறு ஆட்டத்தில் ஜெயித்தது" என்று யாராவது சொன்னால், ரசிக்கலாம், நம்ப வேண்டியதில்லை. அது ஒரு தடவை உருட்டிய பகடை. பத்தாயிரம் தடவை ஓட்டுங்கள், அப்புறம் பேசுவோம்.

ஆனால் பத்தாயிரம் தடவை ஓட்டினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. என்னை இந்த விஷயத்தில் இழுத்துப் போட்டதே அதுதான்.

1927-ல் ரூத் 89 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார். அந்த லீகிலேயே அதுதான் அதிகம். 1998-ல் ஜீட்டர் 119 முறை ஆனார், யாரும் கவலைப்படவில்லை. காலம் அப்படி. 1927-ல் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் சராசரி மூன்று ஸ்ட்ரைக்அவுட்கூடக் கிடையாது, 1998-ல் ஆறுக்கும் மேல். சரி, இப்போது ரூத் எதிரில் 1998-ன் டேவிட் கோன் பந்தெறிகிறார். ரூத் தன் கால சராசரியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஸ்ட்ரைக்அவுட் ஆகிறவர். கோன் தன் கால சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு எடுக்கிறவர். இரண்டையும் பெருக்கலாம். எதன்மேல் பெருக்குவது? 1927-ன் சராசரிமேல் வைத்தால் ரூத் ஐந்துக்கு ஒரு முறை ஸ்ட்ரைக்அவுட். 1998-ன் சராசரிமேல் வைத்தால் ஐந்துக்கு இரண்டு. அதே ஆள், அதே பிட்சர், விடை மட்டும் இரட்டிப்பு! நிரலில் இது ஒரே ஒரு மாறிலி. லீக் சராசரி என்று ஒரு வரி. முதல் பந்து வீசுமுன்பே தொடரின் குணத்தைத் தீர்மானிப்பது அந்த வரிதான். பல நிரல்களில் அது எங்கே இருக்கிறதென்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எனக்குத் தோன்றிய வழி, மைதானம் யாருடையதோ காலமும் அவர்களுடையது. (இரண்டு பேருக்கும் சொந்த மைதானம் அதே யாங்கீ ஸ்டேடியம் என்பது தனி வேடிக்கை. 1976-ல் புதுப்பித்துத் திறந்தபோது தொலைவில் இருந்த இடது-மைய வேலியை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள்.) இதற்கு நிஜ முன்மாதிரியும் இருக்கிறது. பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் பிடிக்கலாம் என்ற விதி 1973-ல் அமெரிக்கன் லீகில் மட்டும் வந்தது. 1986-லிருந்து பல வருடங்கள் உலகத் தொடரில் எந்த லீக் மைதானமோ அந்த லீக் விதி என்றே ஆடினார்கள். அப்படியே செய்தால் 1927 மைதானத்தில் கோனும் பேட் பிடிக்க வேண்டும், ஆட்டம் பகலில் மட்டும், ஸ்ட்ரைக்அவுட் குறைவு. 1998 மைதானத்தில் எல்லாம் தலைகீழ்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 1927-ன் விதிகள் என்று பட்டியல் போட உட்கார்ந்தால், எங்கும் எழுதப்படாத ஒன்று வந்து நிற்கிறது. கறுப்பினத்தவர் அந்த லீகுகளில் ஆட முடியாது. ஜாக்கி ராபின்சன் வந்தது 1947-ல்தான். அந்த விதியையும் சேர்த்தால் ஜீட்டர் இல்லை, ரிவேரா இல்லை, அந்த வருடம் .339 அடித்து லீகின் பேட்டிங் பட்டம் வாங்கிய பெர்னி வில்லியம்ஸ் இல்லை, டிம் ரெய்ன்ஸும் டேரில் ஸ்ட்ராபெரியும் இல்லை. நான் அதைச் சேர்க்கவில்லை, யாரும் சேர்ப்பதில்லை. அந்த வசதியை நாம் 1998 அணிக்குக் கொடுத்துவிடலாம். 1927 அணியின் எண்களில் இருந்து அதை எடுக்க முடியாது. ஆஸ்கார் சார்ல்ஸ்டன் போன்றவர்கள் அதே 1927-ல் வேறு லீகுகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 110 வெற்றியும் 60 ஹோம் ரன்னும் அவர்கள் இல்லாத ஒரு லீகின் சராசரியோடு ஒப்பிட்டுக் கிடைத்தவை. 0.714 என்று சூத்திரத்தில் போடும்போது அதுவும் கூடவே உள்ளே போகிறது. எவ்வளவு கழிப்பது என்று சூத்திரம் சொல்லாது. என் நிரலில் 1927-ன் லீக் சராசரி வரியை எண்ணாக வைக்காமல் ஒரு வரம்பாக வைத்திருக்கிறேன். கொஞ்சம் கீழே நகர்த்தினாலே போதும், அந்த 55 சதவீதம் ஐம்பதைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது.