கிழிந்த ரப்பர் உறை: வீட்டு வாசலில் ஓர் இயற்பியல் பாடம்

உங்கள் வீட்டில் கார் இருந்தால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுமையாகத் திருப்பி நிறுத்திவிட்டு, முன்சக்கரத்தின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு உறை தெரியும். பட்டறைகளில் அதற்கு 'சி.வி. பூட்' என்று பெயர். விலை மலிவான பொருள்தான். ஆனால், அது கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டால் பல நூறு ரிங்கிட் செலவு வந்து நிற்கும்.

சென்ற செமஸ்டர் விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் ஒரு செலவு வந்தது. நான் கணக்கியல் மாணவி. எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுத்ததோடு எனக்கும் பொறியியலுக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஆடு வளர்க்கிறார். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் புல் மூட்டைகளை ஏற்றி வருவது எங்கள் பழைய பெரோடுவா கெம்பாராதான். 1998-இல் அறிமுகமான கெம்பாரா, ஜப்பானின் டைஹாட்சு டெரியோஸை அடிப்படையாகக் கொண்டு தயாரிக்கப்பட்டது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வதால் சேற்றிலும் மேட்டிலும் தைரியமாக ஏறும். அந்த வண்டி வளைவில் திரும்பும்போது 'டக், டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது.

பட்டறையில் காட்டினோம். இரண்டு பக்கமும் உறை கிழிந்திருக்கிறது, இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் மாற்ற வேண்டும், கூலியோடு 950 ரிங்கிட் ஆகும் என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தார். அந்த மாதம் ஆட்டுத் தீவனத்துக்கே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி நின்றால் புல் வராது.

பக்கத்து வீட்டு மாமா லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைத் திடலில் வட்டமடிக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். "சத்தம் வலது பக்கம் மட்டும்தான் வருதும்மா. சத்தம் போடாத ஜாயிண்டை எதுக்குத் தூக்கிப் போடணும்? கழற்றிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

உறைக்குள் என்ன இருக்கிறது?

முன்சக்கரம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சுழன்று வண்டியை இழுக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்கு ஏற்பத் திரும்பவும் வேண்டும். அதனால் சக்கரத்துக்கு விசை கொண்டுவரும் தண்டு, மடங்கிய நிலையிலேயே சுழல வேண்டியிருக்கிறது.

லாரிகளின் அடியில் நீளமான தண்டில் இருக்கும் சாதாரணக் குறுக்கு மூட்டை இங்கே பயன்படுத்தினால் என்ன ஆகும்? கூடுதல் கணிதம் படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மூட்டு 30 பாகை மடங்கியிருக்கும்போது, ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுழன்றாலும், மறுபக்கத்தின் வேகம் அதன் 0.866 மடங்குக்கும் 1.155 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். முதல் எண் கோசைன் 30. இரண்டாவது, 1-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது. ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஏற்ற இறக்கம் இருமுறை நடக்கும். வளைவில் திரும்பும்போதெல்லாம் வண்டி உதறும்.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர், ஃபோர்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஆல்ஃபிரட் ரெஸெப்பா. 1920-களில் அவர் வடிவமைத்த மூட்டில் ஆறு இரும்புக் குண்டுகள் வளைந்த பள்ளங்களில் உருளும். இரண்டு தண்டுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே அந்தக் குண்டுகள் எப்போதும் நிற்கும்படி ஒரு கூண்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எவ்வளவு மடங்கினாலும் இருபுறமும் வேகம் ஒன்றே. 'மாறா வேக மூட்டு' என்று பெயர் வந்தது இதனால்தான். 1959-இல் வெளிவந்த மினி கார் இவ்வகை மூட்டைப் பயன்படுத்தியது. இன்று முன்சக்கரத்துக்கு விசை செல்லும் கார்களில் இது சர்வசாதாரணம்.

குண்டும் பள்ளமும் தேயாமல் காப்பது கறுப்பு நிற கிரீஸ். அந்த கிரீஸை உள்ளே வைத்திருப்பது ரப்பர் உறை. உறை கிழிந்தால், சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும். மழைநீரும் மண்ணும் உள்ளே போகும். மண் கலந்த கிரீஸ் உப்புத்தாள் போல இரும்பைத் தேய்க்கும். 'டக், டக்' சத்தம் வந்துவிட்டால் பள்ளம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு புது உறை போட்டும் பயனில்லை.

இரண்டு நாள் வேலை

சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். முதல் வேலை, சக்கரத்தின் நடுவே இருக்கும் பெரிய நட்டைத் தளர்த்துவது. சக்கரம் தரையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஸ்பேனரின் பிடியில் ஒரு மீட்டர் இரும்புக் குழாயைச் செருகி, அதன் முனையை மாமா அழுத்தச் சொன்னார். என் எடை 50 கிலோ. முழு எடையும் அந்த முனையில் இறங்கினால் திருப்புவிசை சுமார் 490 நியூட்டன் மீட்டர். நட்டு முனகிக்கொண்டே அசைந்தது.

அடுத்து ஜேக் வைத்து வண்டியைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் இறக்கினோம். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ வைக்கக் கூடாது என்பதில் மாமா மிகக் கண்டிப்பு. சக்கரத்தைக் கழற்றி, டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்தோம். கீழ்க்கையின் பந்து மூட்டைப் பிரித்ததும் சக்கரத் தாங்கி வெளிப்பக்கம் நகர்ந்து தண்டுக்கு வழிவிட்டது. உள்பக்க முனையைக் கம்பியால் நெம்பியதும் தண்டு முழுவதும் கைக்கு வந்தது.

பழைய உறைகளை வெட்டியெடுத்து, மூட்டுகளைக் கழுவித் துடைத்தோம். அந்த இரண்டு நாளில் நாங்கள் பதற்றத்தோடு காத்திருந்தது இந்தக் கட்டத்துக்குத்தான். வலது மூட்டில் குண்டு உருளும் பள்ளங்கள் குழி விழுந்து கிடந்தன. கையால் மடக்கும்போதே தடுக்கியது. அதைக் காப்பாற்ற வழியில்லை. இடது பக்கக் கிழிசல் புதியது. கிரீஸில் மண் இல்லை. பள்ளங்கள் வழவழப்பாக இருந்தன. வலதுக்கு முழு ஷாஃப்ட், இடதுக்குப் புது உறை என்று முடிவானது.

எங்கள் வண்டியில் உள்பக்க மூட்டைக் கழற்றி, அந்த வழியாகத்தான் இரண்டு உறைகளையும் ஏற்ற வேண்டும். கழற்றும் முன் பாகங்கள் பொருந்தியிருந்த இடத்தைப் பெயிண்டால் குறித்துக்கொண்டோம். தண்டு முனையின் கூரான பற்கள் புது ரப்பரைக் கீறிவிடாமல் இருக்க, அவற்றின்மேல் டேப் சுற்றினோம். கிளிப்பையும் உறையையும் நுழைத்த பிறகுதான் மூட்டை மாட்ட வேண்டும். உறையோடு வந்த கிரீஸ் முழுவதையும் நிரப்பி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, மடிப்பு முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து கிளிப்பை இறுக்கினோம்.

மறுநாள் தண்டுகளைத் திரும்பப் பொருத்தினோம். புது நட்டுகளை, சக்கரம் தரையில் பதிந்த பிறகு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினோம். டிஃபரன்ஷியலில் புது எண்ணெய் ஊற்றினோம். வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல், புட்டியில் அடைத்து, அதைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்தோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

இடது பக்க உறைகள், கிரீஸ், கிளிப்புகள் 75 ரிங்கிட். வலது ஷாஃப்ட் 290. எண்ணெயும் நட்டுகளும் 45. மொத்தம் 410 ரிங்கிட். கருவிகளை மாமா இரவல் தந்தார். அதற்காக, பட்டறை கேட்ட 950-ஐ ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். உறை மட்டும் மாற்றினாலும் ஷாஃப்ட் மாற்றினாலும் கழற்றி மாட்டும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முழு ஷாஃப்ட் போட்டால் வாடிக்கையாளர் மறுபடி வந்து நிற்கமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. ஆனால், இடது பக்கத்தின் 75 ரிங்கிட்டையும் வலது பக்கத்தின் 290 ரிங்கிட்டையும் அருகருகே எழுதிப் பார்த்தபோது, கிழிசலை நேரத்தோடு பார்ப்பதன் விலை எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. மாமா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கோசைன் என்ற சொல் அவருக்குத் தெரியாது; ஆனால் மூட்டு எந்தக் கோணத்தில் திணறும் என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. நான் தாளில் வரைந்து சமன்பாட்டை விளக்கியபோது, "ஓ, அதனாலதான் அந்தக் காலத்து லாரி அப்படி உதறுச்சா!" என்று சிரித்தார். தொழிற்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் நண்பர்களை 'படிப்பு வராதவர்கள்' என்று இளக்காரமாகப் பேசுபவர்கள், ஒரு நாள் இப்படி ஒரு மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். வாகனத் தொழில்நுட்பத்தில் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் மாணவர்கள் கற்பதும் இதே இயற்பியலைத்தான்.

இந்த வேலையை எல்லாரும் தாமே செய்ய வேண்டும் என்பதில்லை. அனுபவசாலி ஒருவர் உடன் இல்லாமல் தொடங்கவும் வேண்டாம். ஆனால் பார்ப்பதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை. மாதம் ஒருமுறை, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இரு முன்சக்கரங்களின் பின்னாலும் டார்ச் அடியுங்கள். மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா, சக்கரத்தின் உள்பக்கத்தில் கறுப்பாக கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே பட்டறையில் காட்டுங்கள்.