வட்ட வலை எத்தனை முறை தோன்றியது?

விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக் கரிசல் வேலிகளில் நின்று பார்த்தால், எக்ஸ் வடிவ வெள்ளைப் பட்டைக்கு நடுவே தலைகீழாக உட்கார்ந்திருக்கும் ஆர்ஜியோப்பே சிலந்தி கண்ணில் படும். வெளிச்சம் குறைந்த வீட்டு மூலைகளில் வேறொன்று வாழ்கிறது: யூலோபோரிடே குடும்பத்து சோசிஸ். இரண்டும் கட்டுவது ஆரக்கால்களும் சுருளும் கொண்ட வட்ட வலைதான். ஆனால் ஆர்ஜியோப்பேயின் சுருள் நூலில் பசைத் துளிகள் வரிசையாக நிற்கும். சோசிஸ் நூலில் பசையே கிடையாது. பின்காலின் மயிர்வரிசையால் வாரி எடுத்த மிக நுண்ணிய இழைகளே இரையைப் பற்றிக்கொள்கின்றன. விஷச் சுரப்பிகூட இல்லாத குடும்பம் அது. இரையைப் பட்டு நூலால் இறுகச் சுற்றியே அடக்குகிறது.

இந்த இரு சாராரும் நெருங்கிய உறவினர் என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 2014இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஏராளமான மரபணுக்களை ஒப்பிட்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது. யூலோபோரிடே, ஆர்ஜியோப்பேயைவிட, வட்ட வலையே கட்டாத ஓநாய்ச் சிலந்திக்கும் குதிக்கும் சிலந்திக்கும் நெருக்கமானது. அப்படியானால் வட்ட வலை தனித்தனியே இருமுறை தோன்றியதா, அல்லது மிகப் பழைய காலத்தில் ஒருமுறை தோன்றிப் பல கிளைகளில் கைவிடப்பட்டதா? பிந்தைய ஆய்வுகளும் இதில் இரண்டு பக்கமாகவே நிற்கின்றன.

ஒருமுறைத் தோற்றமே வலுவானது என்பது என் கருத்து. காரணம், வலையின் உருவம் அல்ல; கட்டும் ஒழுங்கு. இரு சாராரும் முதலில் சட்டமும் ஆரக்கால்களும் இழுக்கிறார்கள். பிறகு நடுவிலிருந்து வெளிநோக்கித் தற்காலிகச் சுருள் ஒன்று போடுகிறார்கள், கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி. அதன்மேல் நடந்து, வெளியிலிருந்து உள்நோக்கி இரைபிடிக்கும் சுருளை இடுகிறார்கள். வட்ட வலைக்கு வேறு வழியே இல்லாததால் இந்த ஒற்றுமை தானாக வந்திருக்கலாம் என்று மறுக்கலாம். சாரம் அவசியம் என்பதை ஏற்கலாம். ஆனால் படிகள் அத்தனையும் அதே வரிசையில் இருமுறை தனித்தனியே அமைந்தன என்பது கடினமான ஊகம். சுருள் நூலின் பட்டுப் புரதத்துக்கு உறவான மரபணுக்கள் இரு பக்கமும் இருப்பதை 2006இல் கண்டார்கள். அவை வலைக்கு முந்தியவையாகவும் இருக்கலாம் என்பதால் அதை நான் துணைச் சான்றாக மட்டுமே கொள்கிறேன்.

இவ்வளவு பயனுள்ள வலையை இத்தனை கிளைகள் ஏன் விட வேண்டும் என்பது கூர்மையான கேள்வி. தென்னிந்தியப் புதர்களில் காணும் கூடாரச் சிலந்தியான சிர்ட்டோஃபோரா, ஆர்ஜியோப்பேயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் ஒட்டும் சுருளை அறவே விட்டுவிட்டு, பசையில்லா நெருக்கமான கண்ணியால் கிடைமட்ட விரிப்பைக் கட்டுகிறது. ஒரு குடும்பத்துக்குள்ளேயே இப்படி நடக்கிறதென்றால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் பல கிளைகள் வலையையே துறந்தது நம்பத் தகாததல்ல. இந்த வாதம் சரியென்றால், சுவரில் பாய்ந்து ஈயைப் பிடிக்கும் குதிக்கும் சிலந்தியும் வட்ட வலை பின்னிய முன்னோரின் வழிவந்ததே.