சரக்கு ரயிலில் ஊர் சுற்றிய ஓவியங்கள்

பனைமரத்தடியில் ஒருவன் உட்கார்ந்து தூங்குகிறான். அகலத் தொப்பி முகத்தை மறைக்கிறது. பக்கத்தில் ‘ஹெர்பி’ என்று கையெழுத்து. அமெரிக்கச் சரக்கு ரயில் பெட்டிகளில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் இந்தச் சித்திரம்தான். சாக்பீஸால் இதை வரைந்தவர் செயின்ட் லூயிஸ் ரயில்வே ஊழியர் ஹெர்பர்ட் மேயர். 1950-களில் தொடங்கி, ஓய்வு பெறும்வரை பல லட்சம் முறை வரைந்தார்.

இவற்றுக்கு மோனிக்கர் என்று பெயர். நூறாண்டு தாண்டிய இந்த வழக்கத்தை வளர்த்தவர்கள் இரு சாரார்: ஒரு சாரார் ரயில்வே தொழிலாளர்கள், மறு சாரார் வேலை தேடி, டிக்கெட் இல்லாமல் சரக்கு வண்டியில் தொற்றி ஊர் ஊராகப் போன ஹோபோக்கள்.

எழுத்தாளர் ஜாக் லண்டனும் 1894-இல் அப்படித் திரிந்தவர்தான். ரயில் பாதையோரத் தண்ணீர்த் தொட்டிகளில் ஹோபோக்கள் புனைபெயரையும் தேதியையும் போகும் திசையையும் செதுக்கி வைப்பார்கள் என்று 1907-இல் வெளியான ‘தி ரோடு’ நூலில் விவரிக்கிறார். பின்னால் வருபவருக்கு முன்னே போனவர் யாரென்று தெரிந்துவிடும். முகவரி இல்லாத மனிதர்களுக்கு அதுவே தபால்.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் பதின்வயதுப் பிள்ளைகளும் லட்சக்கணக்கில் தண்டவாளத்துக்கு வந்தார்கள். சக்கரத்தில் சிக்கிக் கை கால் இழந்தவர்களும் உயிரை விட்டவர்களும் ஏராளம். ‘ஏ நம்பர் ஒன்’ என்ற பெயரில் புகழ்பெற்ற ஹோபோ லியான் ரே லிவிங்ஸ்டன், இந்த வாழ்க்கைக்கு வந்துவிடாதீர்கள் என்று தம் புத்தகங்களிலேயே சிறுவர்களை எச்சரித்தார்.

தொழிலாளர்களின் சித்திரங்களில் நீண்ட காலம் நிலைத்தது ‘போசோ டெக்சினோ’. டெக்சாஸில் ஒரு ரயில்வே ஊழியர் தொடங்கிய அந்தத் தொப்பி மனிதனைப் பிறகு வேறொருவர் எடுத்து வரைந்தார். அதன் மூலத்தைத் தேடி அலைந்த பில் டேனியல் 2005-இல் ஆவணப்படமே எடுத்தார்.

ஸ்ப்ரே பெயின்ட் ஓவியர்கள் வந்தது பிற்பாடு. நியூயார்க் சுரங்க ரயில்களில் 1989-இல் ஓவியங்கள் முற்றிலும் அழிக்கப்பட்டதும் பலர் சரக்குப் பெட்டிகளின் பக்கம் திரும்பினர். பெட்டி எண்ணின் மேல் பூசக் கூடாது என்பது அவர்களிடையே எழுதாத சட்டம். எண் மறைந்தால் ரயில்வே அதைத் திரும்ப எழுதியாக வேண்டும், ஓவியமும் அழியும்.

ஒஹாயோவின் மாசிலன் அருங்காட்சியகம் 2018-இல் மோனிக்கர்களுக்கென்றே கண்காட்சி நடத்தியது. காலம் கடந்து வந்த, ஆனால் அவசியமான மரியாதை அது. அமெரிக்காவில் ஒரு சரக்குப் பெட்டி பொதுவாக 50 ஆண்டு வரைதான் ஓடலாம். பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். ஹெர்பி காலத்துப் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. எஞ்சியவற்றையாவது படமெடுத்துக் காப்பது உழைப்பாளிகளின் கலைக்குச் செய்ய வேண்டிய கடமை.