வெட்டுமுகத்தில் மரத்தின் பெயர்

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிளை கழித்துத் துண்டு போட்டுத் தெருவோரம் குவித்துவிட்டால், எது தூங்குமூஞ்சி, எது பூவரசு, எது வாகை என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நல்ல மேசைப் பலகையாகியிருக்க வேண்டிய கட்டை விறகாகிவிடுகிறது. பெயர் தெரிந்தால்தான் கரையானைத் தாங்குமா, காயும்போது பிளக்குமா, எந்த வேலைக்கு ஆகும் என்பதெல்லாம் தெரியும்.

முதலில் எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறார்கள். பச்சை மரத்தில் அதை நம்பவே கூடாது. அறுத்த அன்று பளீரென்று மஞ்சளாக இருக்கும் பலா, காற்றும் வெளிச்சமும் பட்டுப் போகப்போகப் பழுப்பாகிவிடும். கனமும் ஏமாற்றும். காய்ந்த எடையைவிட அதிக எடைக்குத் தண்ணீரைச் சுமக்கும் மரங்கள் உண்டு.

ஆனால் மரவாடியில் அடுக்கிய பலகையில் கிடைக்காத தடயங்கள் புதிதாக வெட்டிய கட்டையில் இருக்கின்றன. பட்டை, பால், பிசின், மணம். இவை சில நாட்களில் மங்கிவிடும் என்பதால் இவற்றைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டையைக் கீறினால் பலாவில் வெள்ளைப் பால் வடியும். வேங்கையில் இரத்தச் சிவப்பான பிசின் கசியும். வேங்கையை உறுதிசெய்ய இன்னொரு அருமையான வழி உண்டு. அதன் வைரப்பகுதியைச் சீவி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டால், நீர் மஞ்சள் கலந்த பழுப்பாகும்; வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலமாக மினுங்கும்.

தெரியாத மரத்தின் பாலை மட்டும் கையில் தொடாதீர்கள், சுவைத்தும் பார்க்காதீர்கள். பிச்சாவரம் பக்கத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சேங்கொட்டை மரத்தின் சாறு தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

அடுத்தது வெட்டுமுகம். என்னைக் கேட்டால், மரத்தின் உண்மையான கையெழுத்து அங்கேதான் இருக்கிறது. ரம்பம் அறுத்த முகம் நசுங்கிக் கிடக்கும். அதில் ஒன்றும் தெரியாது. நன்றாகத் தீட்டிய உளியாலோ புதுப் பிளேடாலோ விரல்நக அளவு இடத்தை வழவழப்பாகச் சீவி, லேசாக ஈரப்படுத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். நுண்ணிய துளைகள் தெரியும். வேரிலிருந்து நீரை மேலேற்றிய குழாய்களின் வாய்கள் அவை. தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டும், பிறகு சிறுத்துவிடும். நம் ஊர் மரங்களில் பெரும்பாலானவற்றில் துளைகள் எங்கும் பரவலாக இருக்கும். வாகையிலும் தூங்குமூஞ்சியிலும் துளையைச் சுற்றி வெளிர்நிறத் திசு சூழ்ந்திருக்கும். சவுக்கைப் பார்த்தால் ஊசியிலை மரம் போலிருக்கும்; ஆனால் பைன் மரத்தில் இல்லாத குழாய்த் துளைகள் அதில் உண்டு. லென்ஸின் முன் அந்த வேஷம் கலைந்துவிடும்.

மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்க்கோடுகளும் உதவும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக்கில் இவை அகலமானவை. கதிர்ப்போக்கில் அறுத்த பலகையில் பளபளக்கும் திட்டுகளாகத் தெரியும்.

இருந்தாலும் லென்ஸ் பெரும்பாலும் பேரினம் வரைதான் கொண்டுபோகும். அதற்கு மேல் இலை, பூ, காய் வேண்டும். அதனால் மரத்தை அள்ளிப்போக லாரி வரும் முன்பே ஒரு கொத்து இலையைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, 1881-இல் ஜே. எஸ். கேம்பிள் எழுதிய இந்திய மரங்கள் பற்றிய கையேடு இன்றும் பயன்படும். கோவையின் காஸ் வன அருங்காட்சியகம் மரங்களைப் பழக நல்ல இடம். சந்தனம், ஈட்டி என்று சந்தேகம் வந்தால் உளியைக் கீழே வைத்துவிட்டு வனத்துறையிடம் கேட்பதே சரி. அவற்றை வெட்டவும் கொண்டுபோகவும் அனுமதி தேவை.

மீதியுள்ள கட்டைகளின் இரு முனைகளிலும் அன்றே பெயின்ட் அல்லது மெழுகு பூசிவிடுங்கள். முனை வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு உள்ளே ஓடும். பூச்சு உலர்ந்ததும் அதன்மேலேயே எண்ணிட்டு, இலை வைத்த செய்தித்தாளிலும் அதே எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.